'உன்னால் முடியாது' என்று உள்ளே ஒரு குரல்: எழுதுவதா, தியானமா, ஆலோசகரா, மாத்திரையா?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் குரூப் 2 தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படிக்கும் தம்பி. புத்தகத்தைத் திறந்ததுமே "இந்தத் தடவையும் கோட்டை விடத்தான் போற" என்று மனதுக்குள் ஓடுகிறதாம். இன்னொருவருக்கு ஐ.டி. நிறுவனத்தில் எட்டு வருட அனுபவம். டீம் லீட் பொறுப்பு தருகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. இத்தனை நாள் எப்படியோ ஒப்பேற்றியது இனி எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயம். மூன்றாமவர் இரண்டு குழந்தைகளின் தாய், சின்னவளுக்கு எட்டு மாதம். பால் பொங்கி வழிந்தால்கூட "நீ எதுக்குத்தான் லாயக்கு" என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். முன்பு எப்போதாவது வந்த அந்தப் பேச்சு இப்போது நாள் முழுக்க ஓடுகிறது என்றார்.

மூன்று பேருமே யோசனைகள் கேட்டுச் சலித்தவர்கள். கண்ணாடி முன் நின்று நல்ல வார்த்தை சொல், டைரி எழுது, தியானம் பண்ணு, கவுன்சிலிங் போ, எல்லாம் காதில் விழுந்துவிட்டது. எதைப் பிடிப்பது என்று தெரியாத குழப்பமே ஒரு புதுச் சுமையாகிவிட்டது. "இதைக்கூட உன்னால முடிவு பண்ண முடியல" என்று அந்தக் குரல் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

நான் மருத்துவர் இல்லை. இந்தக் குரலோடு பதினைந்து வருடத்துக்கு மேல் குடித்தனம் செய்தவள். கீழே வரும் ஏழு வழிகளில் ஆறை நானே செய்து பார்த்திருக்கிறேன். ஏழாவதை என் வீட்டில் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஒப்பீட்டுக்கு முன் ஒன்று. அந்தக் குரல் 'உன்னால் முடியாது' என்பதைத் தாண்டி 'நீ இல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி' என்ற இடத்துக்கு வந்துவிட்டால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இப்போதே கூப்பிடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது. 24 மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, குரல் எந்த நேரத்தில் வருகிறது என்பது. ஒரு காரியத்துக்கு முன்னால் வந்து காலைக் கட்டுகிறதா? முடிந்த பிறகு வந்து குத்திக் குத்திக் காட்டுகிறதா? காரணமே இல்லாமல் விடிந்ததிலிருந்து படுக்கும் வரை கூடவே இருக்கிறதா? என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்விக்கான பதிலே முக்கால்வாசி முடிவைச் சொல்லிவிடும். ஆனால் யாரும் இதைக் கேட்பதில்லை. 'பாசிட்டிவா இரு' என்று எல்லோருக்கும் ஒரே மருந்தைத்தான் நீட்டுகிறார்கள்.

இரண்டாவது, பலன் தெரிய எவ்வளவு நாள் ஆகும். நாளை மறுநாள் இன்டர்வியூ இருப்பவருக்கும், ஆறு மாதம் கையில் இருப்பவருக்கும் வழி ஒன்றாக இருக்க முடியாது.

மூன்றாவது, செலவு. பணத்தை மட்டும் சொல்லவில்லை. ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் டைரி எழுத இடம் ஏது? மாமியார் கண் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தால் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் செலவுதான்.

நான்காவது, அது சரிப்பட்டு வராவிட்டால் என்ன ஆகும். சில வழிகள் பலிக்காமல் போனால் ஒரு நஷ்டமும் இல்லை. சில வழிகள் பலிக்காவிட்டால் அந்தக் குரலுக்கே தீனியாகிவிடும்.

## நல்ல வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது

"நான் திறமைசாலி, என்னால் எல்லாம் முடியும்" என்று காலையில் பத்து முறை சொல்வது. காசு வேண்டாம், இடம் வேண்டாம். அதனால்தான் எல்லோரும் முதலில் இதைச் சொல்கிறார்கள்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 'நான் அன்புக்குரியவள்' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கெனவே தன் மீது நல்ல மதிப்பு உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. தன்னைக் குறைவாக நினைப்பவர்களுக்கோ மனநிலை முன்னைவிட மோசமானது. யாருக்கு அது தேவையோ அவர்களையே அது சறுக்க வைத்துவிட்டது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நம்பாத ஒன்றைச் சத்தமாகச் சொன்னால், உள்ளே இருப்பது சும்மா இருக்காது. "அப்படியா? போன வாரம் என்ன ஆச்சு?" என்று கேட்கும். நான் இரண்டு மாதம் இதைச் செய்தேன். பலிக்கவில்லை. பலிக்காததற்கும் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். இதுதான் இதன் மறைந்த செலவு.

விட மனமில்லை என்றால் வாக்கியத்தின் அளவைக் குறையுங்கள். "என்னால் எல்லாம் முடியும்" வேண்டாம். "போன வாரம் மூன்று நாள் சொன்னபடி படித்தேன்" என்பதை எந்தக் குரலாலும் மறுக்க முடியாது. ஏற்கெனவே ஓரளவு தெம்பாக இருப்பவர், ஒரு போட்டிக்கு முன் கொஞ்சம் உற்சாகம் தேடினால் இது போதும். மற்றவர்களுக்கு இதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன்.

## எழுதிப் பார்ப்பது

1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வோடு வந்தவர்களிடம் ஒன்றைக் கவனித்தார். அவர்கள் வாய்விட்டுப் பேசுவதற்குப் பின்னால் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று வந்து போகும் சின்னச் சின்ன வாக்கியங்கள். யாரும் சோதித்துப் பார்க்காமல் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும் வாக்கியங்கள். தானாக ஓடும் எண்ணங்கள் என்று அவர் அவற்றை அழைத்தார். அவற்றைப் பிடித்து, காகிதத்தில் வைத்து, சாட்சி கேட்பதுதான் அவர் உருவாக்கிய சிகிச்சையின் அடித்தளம்.

செய்முறை எளிது. ஒரு பக்கத்தை நான்காகப் பிரியுங்கள். என்ன நடந்தது, குரல் சொன்ன வாக்கியம் என்ன, அதற்குச் சாதகமாகவும் எதிராகவும் என்ன சாட்சி, இரண்டையும் பார்த்த பிறகு நியாயமாகத் தோன்றும் வாக்கியம் எது. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும்.

இதில் நம் பக்கத்து விஷயம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் கிடைக்கும் படிவங்கள் "நான் இப்படிப்பட்டவன்" என்று தொடங்கும் வாக்கியத்தைக் கேட்கின்றன. தமிழில் பலருக்கு அந்தக் குரல் 'நான்' என்று பேசுவதே இல்லை. 'நீ' என்றுதான் பேசும். அதுவும் ஒரு பெரியவரின் தோரணையில், சில நேரம் பழமொழியோடு வரும்: "விரலுக்கேத்த வீக்கம் வேணும்", "உனக்கெல்லாம் எதுக்கு இது", "நாலு பேரு சிரிக்கப் போறாங்க". அதை நாகரிகமாக மாற்றி 'எனக்குத் தகுதிக் குறைவு உள்ளதாக உணர்கிறேன்' என்று எழுதினால் பிடிக்க வேண்டிய மீன் நழுவிவிடும். காதில் விழுந்த சொல்லை விழுந்தபடியே எழுத வேண்டும், ஏச்சாக இருந்தாலும்.

நான் இதை எப்படிக் கண்டுகொண்டேன் என்று சொல்கிறேன். நான் எட்டாவது வரை தமிழ் வழியில் ஒரு சின்ன ஊரில் படித்தவள். பல வருடம் கழித்துச் சென்னையில் ஓர் அலுவலகத்தில், நானே தயாரித்த ரிப்போர்ட்டை மீட்டிங்கில் விளக்கச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவரைக் கைகாட்டிவிட்டேன். அவர் விளக்கினார், பாராட்டும் அவருக்கே போனது. அன்று இரவு நோட்டில் முதல் கட்டத்தில் இதை எழுதினேன். இரண்டாவது கட்டத்தில், மீட்டிங்கில் உள்ளே கேட்ட வாக்கியத்தை அப்படியே எழுதினேன்: "உன்னை எழுப்பினதே தப்பு."

எழுதி முடித்ததும் கை நின்றுவிட்டது. அலுவலகத்தில் யாரும் யாரையும் 'எழுப்புவது' இல்லை. அது வகுப்பறைச் சொல். எட்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை வாசிக்கச் சொல்லி ஓர் ஆசிரியர் என்னை எழுப்பினார். இரண்டாவது வரியிலேயே தடுமாறினேன். "உட்காரு, உன்னை எழுப்பினதே தப்பு" என்றார். வகுப்பே சிரித்தது. அந்த வாக்கியம் இத்தனை வருடமாக என் தீர்ப்பு போல எனக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அது என் வாக்கியமே இல்லை என்று தெரிந்த இரவு, நான் ரொம்ப நேரம் அழுதேன். மறுநாள் குரல் போய்விடவில்லை. ஆனால் அது யாருடைய குரல் என்று தெரிந்தது. அந்த வித்தியாசம் பெரிது.

மூன்றாவது கட்டத்தில்தான் நம்மில் பலர் திணறுகிறோம். 'எதிரான சாட்சி' காலியாகவே கிடக்கும். "ஏதோ ஆண்டவன் புண்ணியம்", "எல்லாம் நேரம்தான்" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். தன்னடக்கம் நல்ல குணம்தான். ஆனால் ஊரார் முன் சொல்லும் பணிவான சொல்லை, தனியாக இருக்கும்போதும் உண்மை என்று நம்பத் தொடங்கினால் அது வேறு. பவுலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல் அமெரிக்காவில் 150க்கும் மேற்பட்ட வெற்றிபெற்ற பெண்களைப் பற்றி எழுதியபோது இதைத்தான் கண்டார்கள். பட்டம், பதவி எல்லாம் இருந்தும், இதெல்லாம் அதிர்ஷ்டத்தில் வந்தது, ஒரு நாள் வெளுத்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். ஆகவே அந்தக் கட்டத்தில் உணர்ச்சியை எழுதாதீர்கள். அடுத்தவர் கண்ணுக்கும் தெரியும் பொருளை எழுதுங்கள்: அப்ரைசலில் இருந்த ஒரு வரி, மதிப்பெண், யாரோ இரண்டாம் முறையும் உங்களிடமே வேலையைக் கொண்டுவந்தது.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, எழுதுவது அசைபோடுவதாக மாறிவிடலாம். ஒரே காயத்தைத் திரும்பத் திரும்பக் கிளறுவது சோர்வை நீட்டிக்கும் என்பதை சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் 1990களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். மூன்று நாளாக முதல் இரண்டு கட்டத்தையே நிரப்பிக்கொண்டு இருந்தால் நோட்டை மூடிவிடுங்கள். 15 நிமிடத்துக்கு மேல் எழுதவும் வேண்டாம். இரண்டு, யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம். பூட்டு போட்ட போன் குறிப்பில் எழுதலாம், அல்லது எழுதிக் கிழித்துவிடலாம். கிழித்தாலும் பலன் குறையாது.

காரியம் முடிந்த பிறகு வந்து குத்தும் குரலுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். இன்டர்வியூ வாசலில் ஐந்து நிமிடம் இருக்கும்போது இது உதவாது. பேனாவை எடுக்கவே தெம்பில்லாத நிலையிலும் உதவாது.

## கொஞ்சம் விலகி நின்று கேட்பது

இதில் சாட்சி கேட்பதில்லை, வாதாடுவதில்லை. குரல் பேசுகிறது என்று கவனித்துவிட்டு, வேலையைத் தொடர்வது. "நான் தோற்றுவிடுவேன்" என்று நினைப்பதற்குப் பதில், "நான் தோற்றுவிடுவேன் என்று ஓர் எண்ணம் வருகிறது" என்று சொல்லிக்கொள்வது. சொல்லிப் பாருங்கள், நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழும்.

இன்னும் சுலபமான ஒன்று, உங்கள் பெயரைச் சொல்லியே உங்களோடு பேசுவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சு போன்ற பதற்றமான வேலைக்கு முன் 'நான்' என்று யோசித்தவர்களைவிட, தன் பெயரைச் சொல்லி யோசித்தவர்கள் குறைவாகப் பதறினார்கள். பேச்சும் நன்றாக அமைந்தது. பிறகு அதையே நினைத்து நொந்துகொள்வதும் குறைந்தது. நான் என்னிடம் பேசும்போது வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைப் பயன்படுத்துகிறேன். என் அத்தை பேசுவது போல இருக்கும்: "சரி, இப்ப என்னம்மா ஆயிடுச்சு? முதல் பக்கத்தைத் திற." தன்னைத்தானே வைய ஒரு பெரியவர் குரல் உள்ளே இருக்கும்போது, தேற்றவும் ஒரு பெரியவர் குரலைக் கூப்பிடலாம் இல்லையா?

தியானம் இதன் நீண்ட வடிவம். இதைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கவனத்தை அடிப்படையாகக் கொண்ட எட்டு வாரப் பயிற்சி ஒன்றை ஜான் டீஸ்டேல் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் சோதித்து 2000இல் வெளியிட்டார்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து போனவர்களிடம், அது திரும்பி வருவதைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. ஆனால் அந்தப் பயிற்சியில் சேர்ந்தவர்கள் குணமாகி ஓரளவு தெளிந்த நிலையில் இருந்தவர்கள். நடுச்சோர்வில் இருப்பவரைப் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொன்னால், அமைதியில் அந்தக் குரல் இன்னும் சத்தமாகக் கேட்கலாம். எனக்கு அப்படித்தான் ஆனது. "உனக்குத் தியானம்கூட வரல" என்றது. அப்படி நேர்ந்தால் உட்காருவதை விட்டுவிட்டு நடங்கள். காலடியைக் கவனித்து மொட்டை மாடியில் நடப்பதும் தியானம்தான்.

காரியத்துக்கு முன் வந்து தடுக்கும் குரலுக்குப் பெயர் சொல்லிப் பேசுவது அந்த நிமிடமே உதவும். தியானத்துக்கு எட்டு வாரமாவது கொடுக்க வேண்டும்.

## சின்னதாகச் செய்து பார்ப்பது

குரல் சொல்வதை ஒரு ஆரூடமாக எடுத்துக்கொண்டு, பலிக்கிறதா என்று சோதிப்பது. "மீட்டிங்கில் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள்" என்றால், அடுத்த மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எண்ண வேண்டும். நான் எண்ணினேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன்னம்பிக்கை வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, வரிசை தலைகீழ் என்பதுதான். 1996இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நீல் ஜேக்கப்சன் குழு, பெக் முறையின் முழுச் சிகிச்சையையும், அதில் செயலை மட்டும் எடுத்துக்கொண்ட சிகிச்சையையும் ஒப்பிட்டது. முழுச் சிகிச்சை கூடுதலாக எதையும் தந்துவிடவில்லை. எண்ணத்தைத் திருத்தாமல், செயலைக் கூட்டினாலே சோர்வு இறங்கியது.

மறைந்த செலவு: படி உயரமாக இருந்தால் விழுவோம். விழுந்தால் "நான்தான் சொன்னேனே" என்று குரல் வந்துவிடும். அதனால் பாதி வெற்றி ஏற்கெனவே உறுதியான படியைத் தேர்ந்தெடுங்கள். முழு மாதிரித் தேர்வு எழுதப் பயமாக இருந்தால் 20 கேள்விகள் எழுதுங்கள். அதற்கும் பயமாக இருந்தால் ஐந்து.

## நம்பும் ஒருவரிடம் சொல்வது

நல்ல மனிதர் ஒருவர் கிடைத்தால் இதற்கு ஈடில்லை. "எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்ற ஒரு வார்த்தை, நாம் மட்டும்தான் இப்படி என்ற தனிமையை உடைத்துவிடும்.

ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டில் சொன்னால் பல நேரம் "சாப்பாட்டுக்கு என்ன குறை? தேவையில்லாம யோசிக்காதே" என்று பதில் வரும். அன்பில்தான் சொல்கிறார்கள், கேட்பவருக்கு வாயடைத்துப்போகும். சண்டை வரும் நாளில் அதையே குத்திக்காட்டும் உறவும் உண்டு. அப்புறம், இருவரும் சேர்ந்து ஒரே குறையை மணிக்கணக்கில் அரைப்பது. சேர்ந்து அசைபோடும் இந்தப் பழக்கத்தை அமண்டா ரோஸ் என்ற உளவியலாளர் 2002இல் ஆராய்ந்தபோது, நட்பு நெருக்கமாவதும் மனச்சுமை கூடுவதும் ஒன்றாகவே நடப்பதைக் கண்டார். பேசி முடித்ததும் மனம் இலேசாகிறதா, கனக்கிறதா என்று பாருங்கள். மூன்று முறை கனத்தால் ஆளை மாற்றுங்கள்.

தொடங்கும்போதே "யோசனை வேண்டாம், கொஞ்ச நேரம் கேட்டால் போதும்" என்று சொல்லிவிடுவது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

## ஆலோசகரிடம் போவது

மேலே சொன்ன எழுதுவது, செய்து பார்ப்பது எல்லாவற்றையும் ஒருவர் கூடவே இருந்து செய்ய வைப்பதுதான் நல்ல ஆலோசனை. பெக் வழிச் சிகிச்சை சாதாரணமாக வாரத்துக்கு ஒரு முறை, சுமார் 50 நிமிடம், 12 முதல் 20 அமர்வுகள் நடக்கும். நகரங்களில் தனியாரிடம் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆவது சகஜம். கணக்குப் போட்டால் கை நடுங்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கும், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இயங்கும் புறநோயாளர் பிரிவுக்கும் கட்டணம் இல்லை. அங்கே செலவு வேறு வகை: காலையிலேயே போய்க் காத்திருக்க வேண்டும், கூட்டத்தில் தனிமை குறைவு, கிடைக்கும் நேரமும் குறைவு.

யாரிடம் போகிறோம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சப்பட வேண்டாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும். சில வாரப் பயிற்சி முடித்தவர்களும் 'கவுன்சிலர்' என்று பலகை மாட்டுகிறார்கள். முதல் அமர்விலேயே "இதை எந்த முறையில் அணுகுவீர்கள், எத்தனை அமர்வு ஆகும்?" என்று கேளுங்கள். நான் முதலில் போன இடத்தில் மூன்று அமர்வும் அவரே பேசினார், தன் வாழ்க்கைக் கதையை. இரண்டாவதாகப் போனவர் என்னிடம் வீட்டுப்பாடம் கேட்டார். அங்கேதான் தங்கினேன்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையை உங்களுக்குத் தருகிறது.

இரண்டு மாதம் சொந்தமாக முயன்றும் அசையவில்லை என்றால், அல்லது அந்தக் குரலுக்குப் பின்னால் அடி, அவமானம், சிறுவயதுக் கொடுமை இருந்தால், தனியாகத் தோண்டாமல் இந்த வழியை எடுங்கள்.

## மனநல மருத்துவரும் மாத்திரையும்

காரணமே இல்லாமல் நாள் முழுக்க குரல், கூடவே தூக்கம் கெட்டு, பசி மாறி, பிடித்தது எதுவும் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அது குணக்கோளாறோ நம்பிக்கைக் குறைவோ இல்லை. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அல்லது உடம்பின் வேறு குறையாகவும் இருக்கலாம். தைராய்டு சுரப்பு குறைவு, இரத்தசோகை, பி12 குறைவு எல்லாமே மனதை இப்படி அழுத்தும். நோட்டில் எவ்வளவு எழுதினாலும் தைராய்டு சரியாகாது. இதனால்தான் மருத்துவரைப் பார்ப்பதைக் கடைசி வழி என்று தள்ளக் கூடாது.

மாத்திரை தந்தால், பலன் தெரியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்கு முன்பே குமட்டல், தலைவலி, தூக்க மாற்றம் போன்ற தொந்தரவுகள் வரலாம். ஆண், பெண் இருவருக்கும் தாம்பத்திய விருப்பம் குறையலாம். இதைச் சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்ற முடியும். 25 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் சில வாரம் வீட்டில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். என் வீட்டில் நடந்த தவறு இங்கேதான்: இரண்டாவது மாதமே "நல்லாத்தானே இருக்கேன்" என்று தானாக நிறுத்தி, தலைசுற்றலும் எரிச்சலுமாக மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. இவை தூக்க மாத்திரை போல அடிமைப்படுத்துபவை அல்ல. ஆனால் நிறுத்துவதை மருத்துவர் சொல்படி, படிப்படியாகத்தான் செய்ய வேண்டும்.

மாத்திரை அந்த வாக்கியத்தை அழிக்காது. அதன் சத்தத்தைக் குறைக்கும். சத்தம் குறைந்த பிறகுதான் பலருக்கு எழுதவும் பேசவும் தெம்பு வருகிறது.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | பணம் | பலன் தெரிய | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| நல்ல வாக்கியம் | ஏற்கெனவே தெம்பாக இருப்பவருக்கு | இல்லை | உடனே, ஆனால் தங்காது | நம்பாவிட்டால் மனநிலை மோசமாகும் |
| எழுதுவது | முடிந்த பிறகு குத்தும் குரல் | இல்லை | 2–3 வாரம் | அசைபோடல், யாராவது படிக்கும் பயம் |
| பெயர் சொல்லிப் பேசுவது | காரியத்துக்கு முன் வரும் குரல் | இல்லை | அந்த நிமிடம் | வேரைத் தொடாது |
| தியானம் | சோர்வு தெளிந்த பிறகு, திரும்ப வராமல் இருக்க | குறைவு | 8 வாரம் | அமைதியில் குரல் கூடலாம் |
| செய்து பார்ப்பது | தள்ளிப்போடுபவருக்கு | இல்லை | சில நாள் | படி உயர்ந்தால் சறுக்கல் |
| நம்பும் ஒருவர் | தனிமை அதிகம் உள்ளவருக்கு | இல்லை | அன்றே | தவறான ஆள், சேர்ந்து அரைத்தல் |
| ஆலோசகர் | பழைய காயம், இரண்டு மாதமாக அசையாத நிலை | அதிகம், அரசில் இலவசம் | 4–8 வாரம் | காத்திருப்பு, ஆளைத் தேடும் அலைச்சல் |
| மருத்துவர் | நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் | அரசில் இலவசம் | 2–4 வாரம் | பக்க விளைவு, பாதியில் நிறுத்தும் ஆபத்து |

## அந்த மூவருக்கு

குரூப் 2 தம்பிக்குக் குரல் படிப்பதற்கு முன்னால் வருகிறது. நல்ல வாக்கியத்தை விடச் சொன்னேன். பெயர் சொல்லிப் பேசிவிட்டு, தினமும் 20 கேள்வி. போன இரண்டு தடவையும் எத்தனை மதிப்பெண்ணில் கட்ஆஃப் தவறியது என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டவும் சொன்னேன். "கோட்டை விட்டேன்" என்பதைவிட அந்த எண் சிறியதாகத்தான் இருக்கும்.

ஐ.டி. தோழிக்கு எழுதுவது. குறிப்பாக மூன்றாவது கட்டம்: எட்டு வருடத்தில் அவரிடமே திரும்பி வந்த வேலைகளின் பட்டியல். பொறுப்பை ஏற்பதா என்பதை, பட்டியல் முடிந்த பிறகு முடிவு செய்யட்டும். தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவர்.

அந்தத் தாயிடம் நோட்டு, தியானம் எதையும் நான் சொல்லவில்லை. நேராக மருத்துவரைப் பாருங்கள் என்றேன். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை அறிய 1987இல் உருவான, பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் தமிழிலும் இருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பதைச் சொன்னால் அதற்கு ஏற்ற மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். "இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போவாங்க?" என்று கேட்டார். காய்ச்சலுக்குப் போவது போலத்தான் இதுவும், முதலில் தைராய்டும் ரத்தமும் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். பாப்பாவின் ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும், அன்று கேட்கிறேன் என்றார். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்தப் புதன்கிழமையே போங்கள், நானும் போனில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.